வகுப்பறைக்குள்ளேயே நான்கு கணினிகள்: ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் அனுபவம்

தொடக்கப் பள்ளிக்குக் கணினி தேவையா என்று கேட்பவர்களிடம், எந்த வகுப்புக்கு, எதற்கு என்றுதான் திருப்பிக் கேட்பேன். ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் அது இல்லாமல் எதுவும் குறைந்துபோய் நான் பார்த்ததில்லை. எழுத்து கையால் எழுதி எழுதித்தான் படிகிறது. எண்ணுவதற்கு மணிச்சட்டமே போதும். மூன்றாம் வகுப்பிலிருந்து நிலைமை மாறுகிறது.

என் வகுப்பில் பின்சுவரை ஒட்டி நான்கு மேசைக் கணினிகள் பல வருடங்களாக இருக்கின்றன. தனி ஆய்வகம் வசதிதானே என்பார்கள். வரிசையாகக் கூட்டிப்போய், உட்கார வைத்து, எல்லோருக்கும் கடவுச்சொல் போட்டு முடிப்பதற்குள் பாதி பீரியட் போய்விடும். பக்கத்திலேயே இருந்தால் தேவைப்படும் பிள்ளை எழுந்து போய் வேலையை முடித்துவிட்டு வரும்.

பெரிய மாற்றம் கட்டுரையில் தெரிந்தது. நோட்டில் எழுதும்போது "இந்த இடத்தில் ஒரு வரி சேர்" என்றால் பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிடும், முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வேண்டுமே! திரையில் நடுவில் நுழைக்கலாம், பத்தியைத் தூக்கி மேலே வைக்கலாம். தட்டச்சு ஆமை வேகம்தான். ஆனாலும் எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தும் பழக்கம் இங்கேதான் வந்தது.

அடுத்தது வடிவியல். கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட்டும் சகாக்களும் 1967இல் உருவாக்கிய லோகோ என்ற நிரல்மொழியை ஐந்தாம் வகுப்பில் இன்றும் பயன்படுத்துகிறேன். 'இவ்வளவு முன்னே போ, இத்தனை பாகை திரும்பு' என்று கட்டளை கொடுத்தால் திரையில் ஒரு ஆமை நகர்ந்து கோடு வரையும். சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால் எல்லோரும் 60 பாகை திருப்புவார்கள். மூன்று கோடும் முடிந்த பிறகு பார்த்தால் பாதி அறுகோணம் வாய் பிளந்து நிற்கும். எழுந்து தரையில் நடந்து காட்டச் சொல்வேன். மூலையில் உடம்பைத் திருப்பும்போதுதான், திரும்ப வேண்டியது வெளிக்கோணமான 120 என்று பிடிபடும். கரும்பலகையில் நான் எத்தனை முறை விளக்கினாலும் இவ்வளவு உறைக்காது.

கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் மென்பொருள் 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்பது சரியான கணிப்பு. அதற்குக் கீழே அதிலுள்ள பூனையை ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பதோடு சரி. இணையம் இல்லாதபோது, சிறுவர்களுக்கான கல்வி விளையாட்டுத் தொகுப்பான ஜீகொம்ப்ரி கைகொடுக்கிறது. இரண்டுமே இலவசம்.

குறைகள் இல்லாமலில்லை. இருவருக்கு ஒரு கணினி என்றால் ஒருவர் மவுஸைப் பிடிப்பார், மற்றவர் பார்வையாளர். மணற்கடிகாரம் வைத்து மாற்றிவிடுகிறேன். முதலில் போவது எப்போதும் ஹெட்போன் ஒயர், செருகும் முனையில்தான். விசைகளுக்கு இடையே அழிப்பான் தூள். டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்து வைக்காவிட்டால் "சார், திறக்கல" என்ற குரல் ஓயாது.

ஆளுக்கொன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் நம்பவில்லை. பெரு நாட்டில் 319 தொடக்கப் பள்ளிகளில் நடந்த, பிள்ளைக்கொரு மடிக்கணினி தரும் திட்டத்தின் மதிப்பீடு 2012இல் வெளியானது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் திரையைத் திறப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்காத நாட்களில் என் நான்கு கணினிகளும் விளையாட்டுப் பெட்டிகளாகத்தான் இருந்தன.

நிர்வாகம் இன்னும் இரண்டு தருவதாகச் சொல்கிறது. அதற்குப் பதில் ஹெட்போன்களும், பாடம் தயாரிக்க வாரம் ஒரு ஓய்வு பீரியடும் கேட்டிருக்கிறேன்.