சலான் முடித்துத் தரும் ஆப்: 1000 ரூபாய் விவகாரத்துக்கு ஆதார் எதுக்கு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் எதற்கு, மீதி மூன்று எங்கே போனது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஆப்பின் பெயரைப் போடவில்லை, காரணம் இந்த மாதிரி ஆப்கள் இப்போது நிறைய வந்துவிட்டன, எல்லாவற்றின் அச்சும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்ஸ்டாவைத் திறந்தால் வரும் விளம்பரம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: "பெண்டிங் சலானா? 50% வரை தள்ளுபடி, கோர்ட்டுக்குப் போக வேண்டாம், வக்கீல் எங்கள் பொறுப்பு."

விஷயம் இதுதான். மனைவியின் ஸ்கூட்டருக்கு, ஹெல்மெட் போடவில்லை என்று 1000 ரூபாய்க்கு இ-சலான் வந்தது. படத்தைத் திறந்தால் டிவிஎஸ் எக்ஸ்எல். முன்னால் அரிசி சிப்பம், ஓட்டுகிறவர் கைலி கட்டிய ஒரு பெரியவர். நம்பர் பிளேட்டில் ஒரு எண்ணின் பாதியைச் சேறு மறைத்திருந்தது, கேமரா 8-ஐ 3 ஆக்கிவிட்டது போல. இதைவிடச் சுலபமான வழக்கு உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்துத்தான், சரி, ஆப்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் பார்ப்போமே என்று இறக்கினேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது, அதற்குத்தான் ஒரு நட்சத்திரம். வண்டி நம்பரைத் தட்டியதும் பாக்கி எல்லாம் வரிசையாக வந்துவிட்டது, எந்தச் சட்டப்பிரிவு, எந்தத் தேதி, பணம் கட்டும் நிலையில் இருக்கிறதா இல்லை விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (சலான்களை ஆன்லைனிலேயே விசாரிக்கும் நீதிமன்றம்) போய்விட்டதா, எல்லாம் தமிழில். அரசாங்கத்தின் பரிவாகன் இ-சலான் தளத்திலும் இதே விவரம் கிடைக்கும், கேப்ட்சா போட்டு, ஓடிபி வருவதற்குக் காத்திருந்து, அது வராமல் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற பொறுமை இருந்தால். அந்தப் பொறுமையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்புறம் "கேஸைத் தொடங்கு" என்ற பட்டனை அழுத்தினேன். ஆர்சி முன்பக்கம், பின்பக்கம். லைசென்ஸ். ஆதார் இரண்டு பக்கமும். ஒரு செல்ஃபி. இதோடு தொடர்பு எண்கள், லொக்கேஷன், போட்டோ கேலரி மூன்றுக்கும் அனுமதி. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், "பேங்க் லோனா எடுக்கிறோம்?" என்றாள். ஹெல்மெட் சலானை எதிர்ப்பதற்கு என் கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு என்று சாட்டில் கேட்டேன். "சிறந்த சேவைக்காக சார்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

ஆர்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. வண்டி நம்பர் தெருவில் போகிற யாருக்கும் தெரியும், அதில் ரகசியம் எதுவும் இல்லை. அதனால்தான் அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் யாருடைய நம்பரைத் தட்டினாலும் உரிமையாளர் பெயரை நடுவில் நட்சத்திரப் புள்ளி போட்டு மறைத்துக் காட்டுகிறார்கள். ஆனால் போக்குவரத்துத் துறையின் ஆன்லைன் சேவைகளில் வண்டி நம்பருக்கு அடுத்தபடியாகக் கேட்பது சேஸிஸ் நம்பரின் கடைசி சில இலக்கங்களை. வண்டி என்னுடையதுதான் என்பதற்குப் பல இடங்களில் அதுதான் முதல் அத்தாட்சி. ஆர்சியை முழுசாகப் படமெடுத்து அனுப்பும்போது அந்த அத்தாட்சியையும், வீட்டு முகவரியையும், அப்பா பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். சலானை எதிர்க்க இதெல்லாம் வேண்டியதில்லை. சலான் நம்பர், வண்டி நம்பர், படத்தில் இருப்பது வேறு வண்டி என்று காட்டும் ஒரு போட்டோ, வேலை முடிந்தது.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது, அது ஆப்பில் எங்கேயும் இல்லை. கேமரா வைத்துப் பிடிக்கும் சலானுக்காகவே மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படம் இருக்க வேண்டும், இடம், தேதி, நேரம், எந்தப் பிரிவு என்பதோடு மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் இருக்க வேண்டும், அந்தப் பதிவைச் சலான் முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கேமரா கண்காணிக்கிறது என்று முன்கூட்டியே போர்டு வைக்க வேண்டும் என்பதுகூட அதில் உண்டு. ஆயிரக்கணக்கான சலானைப் பார்க்கும் ஒரு கம்பெனி, வாடிக்கையாளரிடம் முதல் கேள்வியாக "நோட்டீஸ் எப்போது வந்தது, படம் தெளிவாக இருக்கிறதா" என்றுதானே கேட்க வேண்டும்? கேட்கவில்லை. செல்ஃபியில் முகம் தெளிவாக இல்லை என்று மட்டும் இரண்டாம் தடவை கேட்டார்கள்.

மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டார். நல்ல தமிழ், பொறுமையான பேச்சு, அவர் மேல் எந்தக் குறையும் இல்லை, சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார். "சார், ஆயிரம் ரூபாய்தானே, கட்டிட்டா இன்னைக்கே குளோஸ். எங்க சர்வீஸ் சார்ஜ் 299." எக்ஸ்எல்லில் போகும் பெரியவருக்கு நான் எதற்குக் கட்ட வேண்டும் என்றேன். "எதிர்த்தா டைம் ஆகும் சார்." இங்கேதான் எனக்குப் புரிந்தது, இவர்கள் அகராதியில் "முடித்துத் தருவது" என்றால் நம் பணத்தை நமக்காகக் கட்டுவது. எதிர்த்து வாதாடுவதற்குத் தனிக் கட்டணம், அதை ஆப்பில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

கட்டிவிட்டால் முடிந்தது என்பதும் பாதி உண்மைதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெல்மெட்டுக்கான 194டி பிரிவில் 1000 ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு என்பதும் சேர்ந்தே இருக்கிறது. 200ஆவது பிரிவில் இணக்கக் கட்டணம் (வழக்கில்லாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை) கட்டினாலும் லைசென்ஸ் மீதான 206(4) நடவடிக்கையிலிருந்து அது விடுவிக்காது என்று 2019 திருத்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் செய்யாத குற்றத்தை 1000 ரூபாய் கட்டி ஏற்றுக்கொள் என்று ஆலோசனை சொல்கிறவர், இதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

50% தள்ளுபடி கதைக்கு வருவோம். கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் பாக்கி அபராதத்துக்கு அரசாங்கமே 50% தள்ளுபடி கொடுத்தது, பெங்களூரில் கூட்டம் அலைமோதியது. அதற்கு முந்தின வருடம் தெலங்கானாவில் இரு சக்கர வாகனத்துக்கு 75% குறைத்தார்கள். டெல்லியில் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நாளில் சலான் முடிப்பது ஒரு திருவிழா மாதிரியே நடக்கிறது. இதெல்லாம் அந்தந்த மாநிலம் அறிவித்தால், அறிவித்த தேதிக்குள், யார் போய் நின்றாலும் கிடைப்பது. ஆப்காரருக்குத் தனியாக யாரும் தள்ளுபடி தருவதில்லை. நம் ஊரில் 2022 அக்டோபரில் ஹெல்மெட் அபராதம் 100லிருந்து 1000 ஆனதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, ஆனால் விளம்பரம் மட்டும் தமிழில் "50% வரை" என்று ஓடுகிறது. அந்த "வரை"யை எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

வக்கீல் பொறுப்பு என்கிறார்களே, அது இன்னும் சிக்கல். விதிமுறைகள் பக்கத்தில் (ஆங்கிலம் மட்டும்) "நாங்கள் சட்ட ஆலோசனை தருவதில்லை, வக்கீலோடு இணைத்து மட்டும் விடுகிறோம்" என்று இருக்கிறது. வக்கீல்களை ஆன்லைனில் கடைச்சரக்கு மாதிரி விற்கும் தளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது, அதனால் இப்படி எழுதிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். இதில் நமக்கு என்ன என்றால், நாம் ஒரு வக்கீலிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டமே தடுக்கிறது, பழைய சட்டத்தில் 126, இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 132. அவருடைய குமாஸ்தாவுக்கும் அது பொருந்தும். ஆப்பின் சாட்டில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் வக்கீலும் இல்லை, வக்கீலின் குமாஸ்தாவும் இல்லை. ஹெல்மெட் கேஸுக்குப் பரவாயில்லை. விபத்து கேஸில், குடித்திருந்தேனா இல்லையா, வண்டியை யார் ஓட்டினார்கள் என்றெல்லாம் சாட்டில் கொட்டுகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அவர்களுடைய இன்ஸ்டா பக்கத்தையும் போய்ப் பார்த்தேன். "வெற்றிக் கதைகள்" என்று வாடிக்கையாளர்களின் சலானைப் போட்டுப் பெருமைப்பட்டிருக்கிறார்கள். நம்பர் பிளேட்டின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் மஞ்சள் ஸ்மைலி வைத்து மறைத்துவிட்டு, மேலே சலான் நம்பரை முழுசாக விட்டிருக்கிறார்கள். ஒன்றில் குடிபோதை வழக்கு என்பதுகூடத் தெரிகிறது. கேட்டு வாங்கித்தான் போட்டார்களா என்று கமெண்டில் கேட்டேன், கமெண்ட் காணாமல் போய்விட்டது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், அதைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வசதி தர வேண்டும், காரியம் முடிந்ததும் அழிக்க வேண்டும், அபராதம் 250 கோடி வரை. ஆனால் இந்தக் கடமைகளில் பெரும்பாலானவை விதிகள் வந்து 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். அதுவரை நம் ஆர்சி நம் கையில்தான். அரசாங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 2019இல் வாகனப் பதிவு விவரங்களை மொத்தமாக வருடத்துக்கு 3 கோடி ரூபாய் என்று கம்பெனிகளுக்கு விற்கும் கொள்கை ஒன்றைப் போட்டு, அந்தரங்கப் பிரச்சினை என்று 2020 ஜூனில் அதை ரத்து செய்தது. இந்தத் தகவலுக்கு என்ன மதிப்பு என்று அதிலேயே தெரிகிறது.

எனக்கு என்ன ஆனது என்றால், ஆப்பை மூடிவிட்டுப் பரிவாகன் இ-சலான் தளத்தில் இருக்கும் புகார்ப் பகுதிக்குப் போனேன். ஸ்கூட்டர் போட்டோ, சலான் படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக ஏற்றி, "வண்டி வேறு, ரகமே வேறு" என்று இரண்டு வரி எழுதினேன். கொஞ்ச நாள் எந்தச் சத்தமும் இல்லை, அப்புறம் சலான் ரத்து என்று வந்துவிட்டது. கட்டணம் எதுவும் இல்லை. அதில் நடக்காமல் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தாலும், அங்கே அபராதம் கட்டுகிறேன், வழக்கை எதிர்க்கிறேன் என்று இரண்டு வழி இருக்கும். எதிர்த்தால் வழக்கு சாதாரண கோர்ட்டுக்குப் போகும், அப்போது ஆள் வேண்டும்தான். அதற்கும் முதலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், போன் நம்பர் 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. வண்டி மனைவி பெயரில் இருந்ததால் இதை விசாரித்து வைத்திருந்தேன்.

அப்படியானால் இந்த ஆப் யாருக்கும் வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை, இரண்டாவது நட்சத்திரம் அதற்குத்தான். நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதே மாதிரி ஒரு சேவையை ரொம்ப நாளாக வைத்திருக்கிறார். அவருடைய வண்டிகள் நேஷனல் பெர்மிட், மகாராஷ்டிரத்தில் ஒரு சலான், குஜராத்தில் ஒன்று, ஆந்திராவில் இரண்டு என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராகப் போய் நிற்க முடியாது, பாக்கி இருந்தால் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கும் சமயத்தில் வம்பு. அவருக்கு இது லாபம். ஆனால் அவர் கொடுப்பது கம்பெனி ஜிஎஸ்டி நம்பர், கம்பெனி போன் நம்பர், வக்கீலுக்கு நேரடியாகக் கையெழுத்துப் போட்ட வக்காலத்து. ஆதாரைக் கண்ணில்கூடக் காட்டியதில்லையாம். "கேட்டா, வேண்டாம்பா வேற ஆளைப் பாத்துக்கிறேன்னு சொல்லுவேன், உடனே வேண்டாம்னுடுவாங்க" என்கிறார்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும், ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஆர்சியில் சேஸிஸ், இன்ஜின் நம்பரை மறைத்துவிடுங்கள். ஜெராக்ஸ் மேல் குறுக்காக "இன்ன சலானுக்கு மட்டும்" என்று தேதி போட்டு எழுதும் நம் ஊர் பழக்கத்தைப் போனில் எடுக்கும் படத்திலும் செய்யலாம். வாட்ஸ்அப்பில் "ஆர்டிஓ சலான்" என்று வரும் ஏபிகே ஃபைலை (தொட்டால் போனில் ஆப்பை ஏற்றிவிடும் ஃபைல்) தொடவே தொடாதீர்கள், அது வேறு ரகத் திருட்டு. அரசாங்கத் தளம் என்றால் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும்.

கணக்கை நீக்கச் சொல்லி மெயில் போட்டேன், ஏற்றிய படங்களையும் அழித்துவிட்டதாக எழுத்தில் சொல்லுங்கள் என்று கேட்டேன். "30 வேலை நாளில்" என்று தானியங்கிப் பதில் வந்தது. அதற்குள் ஸ்கூட்டர் நம்பரைச் சரியாகச் சொல்லி, இன்ஷூரன்ஸ் முடியும் மாதத்தையும் சொல்லி, புதுப்பிக்கலாமா சார் என்று இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். ஆப்பிலிருந்துதான் போனது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, அதனால் அதற்கு மார்க் குறைக்கவில்லை. 30 நாள் முடிந்து பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.