எம், ஒய், இசட்: மல்டிஃபெரோயிக் ஹெக்ஸாஃபெரைட்டுகளில் எதை நம்பலாம்?

காந்தப்புலத்தால் ஒரு பொருளின் மின்முனைவாக்கத்தை (உள்ளே நேர், எதிர் மின்சுமைகள் விலகி நிற்கும் நிலையை) திருப்ப வேண்டும், மின்புலத்தால் அதன் காந்தத்தை மாற்ற வேண்டும். மல்டிஃபெரோயிக் பொருள்களிடம் நாம் எதிர்பார்ப்பது இதைத்தான். இந்தப் பேச்சு வந்தால் பிஸ்மத் ஃபெரைட்டைத்தான் முதலில் சொல்வார்கள். அறை வெப்பநிலையிலேயே வலுவான மின்முனைவாக்கம் உள்ள பொருள் அது. ஆனால் காந்த விஷயத்தில் அது எதிர்ஃபெர்ரோ வகை, அதாவது அடுத்தடுத்த அணுக்களின் காந்தங்கள் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. அதன் தற்சுழற்சிகள் (அந்த அணுக்களின் நுண்காந்தங்கள்) சுமார் 62 நானோமீட்டருக்கு ஒரு சுற்று எனச் சுழன்று ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் பயன்படுத்தக் காந்தம் மிஞ்சுவதில்லை. ஹெக்ஸாஃபெரைட் என்பது அறுகோணப் படிக அமைப்புள்ள இரும்பு ஆக்சைடுக் குடும்பம்; அடுக்குகளின் அமைப்பைப் பொறுத்து எம், ஒய், இசட் எனப் பல வகைகள் அதில் உண்டு. இங்கே நிலைமை நேர் எதிர். காந்தம் தாராளமாக உண்டு, மின்முனைவாக்கம்தான் மிகக் கொஞ்சம்.

முதலில் எம் வகை, அதாவது பேரியம் ஃபெரைட். சாதாரண ஒலிபெருக்கியில் இருக்கும் கறுப்புக் காந்தம் இந்தக் குடும்பம்தான். கியூரி வெப்பநிலை, அதாவது காந்தம் மறையும் வெப்பநிலை, ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ். தற்சுழற்சிகள் எல்லாம் படிகத்தின் சி அச்சோடு (அறுகோணத்துக்குச் செங்குத்தான அச்சோடு) நேராக, மேலும் கீழுமாக நிற்கின்றன. அந்த விறைப்புதான் இதை நல்ல நிலைக்காந்தமாக்குகிறது. மல்டிஃபெரோயிக்காக விடாமல் தடுப்பதும் அதுவே. ஏனென்றால் இங்கே மின்முனைவாக்கம் பிறப்பதே, அடுத்தடுத்த தற்சுழற்சிகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து கூம்பு போலச் சுழலும்போதுதான். இரும்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ஸ்காண்டியத்தைச் சேர்த்தால் விறைப்பு தளர்ந்து கூம்பு வந்துவிடுகிறது. 2010-இல் இதைக் காட்டினார்கள்.

ஒய் வகையில்தான் இந்தக் கதை தொடங்கியது. 2005-இல் இயற்பியலாளர் கிமுராவும் உடனிருந்தவர்களும் பேரியம், ஸ்ட்ரான்சியம், துத்தநாகம் கலந்த ஒய் படிகத்தில், காந்தப்புலம் கொடுத்தால் மின்முனைவாக்கம் தோன்றுவதைக் கண்டார்கள். இதன் தற்சுழற்சிகள் சி அச்சுக்குச் செங்குத்தான தளத்திலேயே கிடக்க விரும்புபவை, எளிதில் சாயும். 2008-இல் மெக்னீசியம் கலந்த ஒய் படிகத்தில் மின்முனைவாக்கத்தை மாற்ற வெறும் 30 மில்லிடெஸ்லா காந்தப்புலம் போதும் என்று தெரிந்தது. இயற்பியலைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான படிகம் இந்தக் குடும்பத்தில் இல்லை என்பது என் கருத்து. குறை ஒன்றுதான்: மெக்னீசியம் படிகத்தின் கூம்பு 50 கெல்வினுக்குக் கீழேதான் உருவாகிறது (அறை வெப்பநிலை சுமார் 300 கெல்வின்). துத்தநாகப் படிகத்தில் காந்த ஒழுங்கு அறை வெப்பநிலையைத் தாண்டி நிற்கிறது. ஆனால் சுமார் 130 கெல்வினுக்கு மேல் மின்கசிவு கூடிவிடுவதால் மின்முனைவாக்கத்தை அளக்க முடியவில்லை. முட்டுக்கட்டை போட்டது காந்தம் அல்ல, மின்கசிவு.

இசட் வகை, ஓர் எம் அடுக்கையும் ஓர் ஒய் அடுக்கையும் மாற்றி மாற்றி அடுக்கினாற்போன்ற கட்டமைப்பு. ஸ்ட்ரான்சியம் கோபால்ட் இசட் ஃபெரைட்டில் ஃபெர்ரி காந்தம் (எதிரெதிர்த் தற்சுழற்சிகள் முழுதும் ஈடாகாமல் மிஞ்சும் காந்தம்) 670 கெல்வின் வரை இருக்கிறது, கூம்பு அமைப்பு 400 கெல்வின் வரை தாங்குகிறது. 2010-இல் அறை வெப்பநிலையிலேயே, சிறிய காந்தப்புலத்தில், மின்முனைவாக்கம் மாறுவதை இதில் அளந்தார்கள். கருவியாக்க நினைப்பவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கிடைப்பது சதுர மீட்டருக்குச் சில பத்து மைக்ரோகூலும் அளவில்தான் என்பதையும் மறக்கக் கூடாது. நல்ல பிஸ்மத் ஃபெரைட் படலத்தோடு ஒப்பிட்டால் அது பல்லாயிரத்தில் ஒரு பங்கு.

சரி, மின்காப்புப் பண்புக்கு வருவோம். பெரும்பாலான குழப்பம் இங்கேதான். ஹெக்ஸாஃபெரைட்டை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுடும்போது கொஞ்சம் ஆக்சிஜன் வெளியேறும். அதை ஈடுகட்ட மூன்று மின்சுமை கொண்ட இரும்பு அயனிகளில் சில இரண்டுக்கு இறங்கும். இந்த இரண்டு வகை இரும்புக்கும் நடுவே எலக்ட்ரான் தாவித் தாவிப் போவதால் படிகத்துகளின் உட்பகுதி மின்சாரத்தைக் கடத்துகிறது, துகள்களின் எல்லைகள் மட்டும் தடுக்கின்றன. எல்லையில் சுமை குவிகிறது. மேக்ஸ்வெல்-வாக்னர் விளைவு இதுதான். குறைந்த அதிர்வெண்ணில் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் பொருள் எவ்வளவு மின்சுமையைத் தேக்கும் என்பதைச் சொல்லும் எண்) ஆயிரக்கணக்கில் காட்டும், மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் சில பத்துகளுக்கு வந்துவிடும். முதல் எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். அது பொருளின் குணம் அல்ல, எல்லைகளின் குணம். அப்புறம், காந்தப்புலத்தில் மின்தேக்குத்திறன் மாறுகிறது என்பதும் மல்டிஃபெரோயிக் குணத்துக்குத் தனியே சான்றாகாது. மின்தடை காந்தப்புலத்தில் மாறினாலே, இந்த எல்லை விளைவோடு சேர்ந்து அதே தோற்றத்தைத் தரும்.

மின்கசிவுள்ள வில்லையில் (சுட்டெடுத்த மாதிரித் துண்டில்) எடுக்கும் தயக்கக் கண்ணியும், அதாவது மின்புலத்தை ஏற்றி இறக்கும்போது மின்முனைவாக்கம் வரையும் மூடிய வளைவும், இப்படித்தான் ஏமாற்றும். வாழைப்பழத் தோலிலேயே அப்படி ஒரு கண்ணி வரும் என்று 2008-இல் இயற்பியலாளர் ஸ்காட் அளந்து காட்டினார். எம் வகையில் அறை வெப்பநிலை ஃபெர்ரோமின்மை (மின்புலத்தால் திருப்பக்கூடிய, தானே நிற்கும் மின்முனைவாக்கம்) என்று வரும் கண்ணிகளை நான் இதனால்தான் உடனே ஏற்பதில்லை.

ஆகவே மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது காந்த வளைவை இரண்டாவதாகப் பாருங்கள். ஆக்சிஜன் சூழலில் நிதானமாகக் குளிர்விக்கப்பட்டதா, மின்தடை எண் எவ்வளவு, மின்காப்பு இழப்பு (வெப்பமாக வீணாகும் மின்னாற்றல்) அதிர்வெண்ணோடு எப்படி மாறுகிறது என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். இவற்றில் தேறிய இசட் வில்லை ஒன்று கையில் இருந்தால், காந்தப்புலத்தை மெல்ல ஏற்றி இறக்கி மின்முனைவாக்க மின்னோட்டத்தை அளக்கத் தொடங்கலாம்.