மண்டையோட்டைப் பிள்ளைக்குக் காட்ட எது நல்லது: படமா, மாதிரியா, செயலியா?

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு மண்டையோட்டைச் சொல்லிக்கொடுக்கக் கடையில் சுவர்ப்படமும் பிளாஸ்டிக் மாதிரியும் கிடைக்கின்றன. கைபேசியில் முப்பரிமாணச் செயலி இருக்கிறது. காசே செலவில்லாத இன்னொன்று, அவரவர் தலை. என் ஓட்டு முதலில் தலைக்கு, அப்புறம் மாதிரிக்கு.

சுவர்ப்படம் பெயர்களைப் பார்த்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான். முன்பக்கப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் இருப்பது ஒரே கன்ன எலும்பு என்பது சின்னப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடாது.

மாதிரி அப்படியில்லை. பெரும்பாலும் மூன்று துண்டாகக் கழன்று வரும்: மேல்மூடி, அடிப்பகுதி, கீழ்த்தாடை. மூடியைக் கழற்றியதும் அடியில் ஒரு பெரிய ஓட்டை தெரியும். பிள்ளை கேட்காமலேயே அதில் விரலை விடும். மூளையும் தண்டுவடமும் சேர்கிற வழி அதுதான் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். வாங்கும்போது எலும்புகள் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். நிஜத்தில் அது நெளிநெளியாக ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். மலிவான மாதிரியில் வெறும் பெயின்ட் கோடாகத்தான் இருக்கும்.

மாதிரியில் தாடையை மூடுவது ஸ்பிரிங். நம் தாடையை மூடுவது தசை. இதைக் காட்ட அவரவர் தலைதான் சரி. விரல்களை நெற்றிப்பொட்டில், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, வைத்துப் பல்லைக் கடித்தால் தசை புடைப்பது தெரியும். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்தால் மூட்டு நகரும். மண்டையோட்டில் அசைத்துக் காட்டக்கூடிய எலும்பு கீழ்த்தாடை ஒன்றுதான். "மண்டையோட்டுக்கு மூக்கு எங்கே?" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும். மூக்கு நுனியை வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவது குருத்தெலும்பு, அது எலும்பு போல் நிலைக்காது. அதனால்தான் மண்டையோட்டில் அங்கே ஓட்டை மட்டும் மிஞ்சுகிறது.

தலைக்குள் ஒளிந்திருப்பதை விரல் தொடாது. அங்கேதான் செயலி கைகொடுக்கும். மூளையைச் சூழ்ந்த 8, முகத்தில் 14 என 22 எலும்புகளையும் தனித்தனியே பிரித்து, நடுவில் வண்ணத்துப்பூச்சி போல் சிறகு விரித்திருக்கும் ஸ்பீனாய்டு என்ற எலும்பைச் சுழற்றிக் காட்டலாம். ஆனால் திரையில் எதுவும் எந்த அளவுக்கும் பெரிதாகும் என்பதால், நிஜ அளவு மனதில் நிற்காது.

கடை மாதிரிகள் பெரும்பாலும் பெரியவர் மண்டையோடுதான், எலும்புகள் இன்னும் சேராத மெத்தென்ற இடமான உச்சிக்குழி அதில் இருக்காது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உச்சியில் மெல்லத் துடிப்பதைக் காட்டுங்கள், அமுக்க விடாதீர்கள். பிறக்கும்போது எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறிக்கொள்ளவும், பிறகு மூளை வளரவும் அந்த இடைவெளி வேண்டும். உச்சியில் முன்பக்கம் இருக்கும் குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடிவிடும், பின்பக்கம் இருக்கும் சின்னக் குழி 2, 3 மாதத்திலேயே. பச்சிளங்குழந்தையின் மண்டையோட்டு மாதிரியும் தனியாக விற்கிறார்கள். பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கலாம், வீட்டுக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.