மூடிய சீலிங்குக்குள் ஒரு எல்இடி டிரைவர்: இன்டீரியர் வேலை முடிந்து நான்கு ஆண்டுகள்

போன வாரம் எங்கள் ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கை அறுத்தோம். தூசி இன்னும் போகவில்லை. புத்தக அலமாரியின் மேல்தட்டில் விரல் வைத்தால் வெள்ளையாக ஒட்டுகிறது. சரியாக இந்த நேரத்தில் தோழி ஒருத்தி, "உங்க வீட்டுக்கு இன்டீரியர் செஞ்சவங்களையே எங்க வீட்டுக்கும் கூப்பிடலாமா?" என்று கேட்டாள். அவளுக்கு ஃபோனில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும்.

அளவெடுக்க வந்த அன்றே டிசைனர் மேல் எனக்கு மதிப்பு வந்தது. ஒரே சுவரைத் தரையருகில், இடுப்பு உயரத்தில், மேலே என்று மூன்று இடங்களில் லேசர் மீட்டரால் அளந்தார். எந்தச் சுவரும் முழு நேராக இருக்காது, மூன்றில் குறைந்த அளவுக்குத்தான் அலமாரி செய்ய வேண்டும், மிச்ச இடைவெளியை ஃபில்லர் பட்டை பார்த்துக்கொள்ளும் என்றார். பிறகு அம்மாவைச் சமையலறையில் நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து அது எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொண்டார். சமையல் மேடை வழக்கமாக 850 முதல் 900 மி.மீ. உயரம் இருக்கும். அம்மா உயரம் குறைவு. முழங்கைக்குக் கீழே 12 செ.மீ. விட்டு, மேடையை 820 மி.மீ.க்கு இறக்கினார். பழைய வீட்டில் காய் நறுக்கும்போது அம்மா தோளைத் தூக்கியபடியே நிற்பார். இங்கே ஒருநாளும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மேடைக்குக் கீழே கதவு வைத்த அலமாரி போதும், செலவு குறையும் என்று நான் வாதாடினேன். அவர் விடவில்லை. முழுவதுமாக வெளியே இழுக்கக்கூடிய டிராயர்தான் என்று நின்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கடைசியில் இருக்கும் பாத்திரத்துக்காகக் குனிந்து, முன்னால் இருப்பதையெல்லாம் எடுத்து வெளியே வைக்கும் வேலை இந்த வீட்டில் இல்லை. நிறையப் பாத்திரம் ஏற்றிய டிராயர் நான்கு வருடம் கழித்தும் விரல் பட்டால் நகர்கிறது. சமையலறையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

படம் வரைந்து, லேமினேட் தேர்ந்தெடுத்து, கையெழுத்துப் போட்டு, தொழிற்சாலையில் பலகை அறுத்து வந்த கட்டமெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எந்தப் பலகையை எந்த அளவில் அறுப்பது என்ற பட்டியல் தொழிற்சாலைக்குப் போன பிறகு எதையும் மாற்ற முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நான் சொல்ல வந்தது அந்த 3டி படத்தைப் பற்றி.

படத்தில் எங்கள் ஹால் சீலிங் ஒரு கோடுகூட இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. சுற்றிலும் குழிவு, அதற்குள் மறைந்திருந்து சுவரில் வழியும் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் சம்மதித்தேன். சீலிங்குக்கு இரும்புச் சட்டம் அடித்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது எலெக்ட்ரீஷியன் கீழே இறங்கி வந்து, "டிரைவர் இருக்கிற இடத்துல ஒரு திறப்பு விட்டுடலாமா சார்?" என்று டிசைனரைக் கேட்டார். டிசைனர் படத்தைக் காட்டினார். நடுவில் சதுரமாக ஒரு மூடி தெரிந்தால் அழகு கெடும் என்றார். என்னையும் கேட்டார், நானும் சரி என்றேன். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் டிரைவர் என்றால் என்ன, அது எப்போது போகும் என்று அன்று எனக்குத் தெரியாது. அங்கே நின்ற மற்ற இருவருக்கும் தெரியும்.

எங்கள் எல்இடி ஸ்ட்ரிப் 24 வோல்ட் டிசியில் எரிவது. வீட்டு மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் டிரைவர். பெரும்பாலும் விளக்குக்கு முன்னால் அதுதான் சாகும். உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் சின்னப் பாகம், சூட்டில் காய்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. காற்றுப் போகாத சீலிங்குக்குள் கிடந்தால் என்ன ஆகும்?

மூன்றாம் வருடக் கடைசியில் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. பிறகு சுவிட்ச் போட்டால் ஒரு நொடி தாமதித்து எரிந்தது. அப்புறம் எரியவே இல்லை. நிறுவனத்துக்கு ஃபோன் செய்தேன். மின்பொருட்களுக்கான வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். அது நியாயம்தான், அதற்காக நான் சண்டை போடவில்லை. டிரைவரை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் விளக்கு இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது, டிரைவர் இல்லை. அன்று வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன் இப்போது அவர்களிடம் இல்லை. இரண்டு நாள் கழித்து அனுப்பிய பதிலில், வீட்டுக்காரர் சம்மதத்தோடுதான் திறப்பு தவிர்க்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வெளியிலிருந்து வேறு எலெக்ட்ரீஷியன் வந்தார். ஒரு காந்தத்தை சீலிங்கில் ஓட்டி, ஜிப்சம் பலகையைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கண்டுபிடித்து, சட்டம் எந்த வழியாகப் போகிறது என்று பென்சிலால் கோடு போட்டார். விரலால் தட்டித் தட்டிப் பார்த்து ஒரு இடத்தை அறுத்தார். அங்கே ஒன்றும் இல்லை. இரண்டாவதாக அறுத்த இடத்தில் டிரைவர் பலகையின் மேலேயே கிடந்தது. மாற்ற ஆன நேரம் பத்து நிமிடம். ஓட்டையை அடைக்க, டேப் ஒட்ட, பட்டி பார்க்க, தேய்க்க இரண்டு நாள். நான்கு வருடத்தில் பழைய பெயிண்ட் நிறம் மங்கியிருந்ததால் புதுசு தேமல் மாதிரித் தெரிந்தது. கடைசியில் சீலிங் முழுவதையும் அடிக்க வேண்டியதாயிற்று.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது அந்த எலெக்ட்ரீஷியன் போகும்போது சொன்னதுதான். பக்கத்திலேயே சீலிங்கில் பதித்த வட்டமான டவுன்லைட் இருக்கிறது. அதன் அருகில் டிரைவரை வைத்திருந்தால், டவுன்லைட்டைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு எடுத்திருக்கலாம். இல்லாவிட்டால் ஸ்ட்ரிப் ஒட்டிய குழிவு விளிம்பின் மேலேயே வைத்திருக்கலாம். கீழே நிற்பவருக்குத் தெரியாது, ஏணி போட்டால் எட்டும், சூடும் அடைபடாது. அதாவது, அழகும் கெட்டிருக்காது. அழகா, பராமரிப்பா என்று என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதே தப்பு.

இந்த வேலையில் ஒருவர் முடித்ததை அடுத்தவர் மூடிவிடுகிறார். ஒயர் மேல் பலகை, பலகை மேல் பட்டி, பட்டி மேல் பெயிண்ட். ஒப்படைக்கும் முன் நானும் டிசைனரும் ஒவ்வொரு அறையாகச் சுற்றி 31 குறைகளை எழுதினோம்: கீறல், பலகை ஓரத்தில் ஒட்டும் பட்டை (எட்ஜ் பேண்ட்) பிரிந்த இடம், கதவு இடைவெளி. அத்தனையையும் சரிசெய்து கொடுத்த பிறகுதான் கடைசித் தவணையை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த 31 குறைகளும் கண்ணுக்குத் தெரிந்தவை. லேமினேட் மாதிரிகளை நான் எடுத்த படங்கள் இன்னும் என் ஃபோனில் இருக்கின்றன. பலகை மூடுவதற்கு முன் சீலிங்கை ஒரு படம்கூட எடுக்கவில்லை, எடுத்து வையுங்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. உங்கள் வீட்டில் வேலை நடந்தால், பலகை ஏறுவதற்கு முந்தைய நாள் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூலையையும் படம் எடுங்கள். டிரைவர் எங்கே, சுவரிலிருந்து எத்தனை மி.மீ. என்று வரைபடத்தில் எழுதி வாங்குங்கள்.

தோழியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இவ்வளவு புகழ்ந்துட்டு ஏன்டி வேண்டாங்கிற?" என்று கேட்டாள். அந்த மேடைக்காகவே இவர்களைக் கூப்பிடலாம் என்பது அம்மாவின் கட்சி. அம்மா சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை எழுதியவர்களிடம் இன்னொரு வீட்டை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. படுக்கையறை சீலிங்கில் இதே மாதிரி இன்னும் இரண்டு டிரைவர்கள் மூடிக் கிடக்கின்றன. நேற்று இரவு சுவிட்ச் போட்டேன். ஒரு பக்க விளக்கு மட்டும் ஒரு நொடி தாமதித்து எரிந்தது.