சோலார் பூட்டின வீடு வாங்க முதல் இதை வாசியுங்கோ

தெகிவளை, கல்கிசை, வெள்ளவத்தைப் பக்கம் சோலார் உள்ள வீடு பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கையை விட்டுப் போன காசு திரும்பி வருமோ தெரியாது. உங்களுடையது போகக் கூடாது.

2024 நவம்பரில் தெகிவளையில் ஆறு பேர்ச்சஸ் காணியோடு ஒரு பழைய வீடு வாங்கினோம். இவர் ஓய்வுபெற்று எடுத்த சேமலாப நிதி, என்னுடைய நகை, பிரான்சில் இருக்கிற தம்பி அனுப்பினது எல்லாவற்றையும் சேர்த்துத்தான். கூரையில் 5 கிலோவாட் சோலார் இருந்தது. வீட்டுக்காரர் கனடாவில். அவருடைய மகன் அற்றோணித் தத்துவத்தை வைத்துக்கொண்டு விற்றார். தரகர் முதல் நாளே சொன்ன சொல் இது: "அக்கா, இது வீடு மட்டுமில்லை. மாதா மாதம் பென்சன் மாதிரிக் காசு வரும்." மாமியின் மருந்துக்கு மட்டும் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் போகிற வீடு எங்களுடையது. அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

ஒரு பில்லைக் காட்டினார்கள். ஏப்ரல் மாதத்தது. மின்சார சபைக்குக் கொடுத்தது 590 யூனிற், சபையிடம் எடுத்தது 9 யூனிற். 22 ரூபாப்படி 12,000 ரூபாவுக்கு மேல் வரவு. நான் காசை மட்டும் பார்த்தேன், அந்த ஒன்பதைப் பார்க்கவில்லை. ஆட்கள் இருக்கிற வீட்டில் இரவில் ஓடுகிற பிரிட்ஜ் ஒன்றே மாதத்துக்கு ஒன்பது யூனிற்றை விடக் கூட எடுக்கும். குடிவந்த பிறகு பக்கத்து வீட்டு அன்ரி கதையோடு கதையாகச் சொன்னா, "அவை மார்ச்சிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு போட்டினம் பிள்ளை" என்று. பூட்டிக் கிடந்த வீட்டின் பில்லைத்தான் எங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள், அதுவும் நல்ல வெயில் மாதத்தில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது நெற் அக்கவுண்டிங். பகலில் பெனல் தருகிற கரண்ட் முதலில் உங்கள் வீட்டுக்கு ஓடும். மிஞ்சினது லைனுக்குப் போகும். இரவில் லைனிலிருந்து எடுப்பீர்கள். மாத முடிவில் கொடுத்ததில் எடுத்ததைக் கழித்து, மிச்சம் இருந்தால் காசு தருவார்கள். கூட எடுத்திருந்தால் நீங்கள் கட்ட வேண்டும். ஆகவே விற்கிறவரின் பில் ஒருநாளும் உங்கள் பில் ஆகாது. நாங்கள் நாலு பேர், மாமியின் அறைக்கு ஏசி. எங்களுக்கு மிஞ்சுகிறது மாதம் 150 யூனிற். ஒரு மாதப் பில்லைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லி, ஒக்டோபர், நவம்பர் மழை மாதங்களும் சேர்த்துப் பன்னிரண்டு மாதப் பில்லையும் கேளுங்கள்.

அந்த 22 ரூபாதான் பெரிய பொறி. 2016இல் சூரியபல சங்கிராமய என்ற அரசாங்கத்தின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கின காலத்து ஒப்பந்தங்கள் 20 வருடத்துக்கு. முதல் 7 வருடம் யூனிற்றுக்கு 22 ரூபா, எட்டாம் வருடத்திலிருந்து 15 ரூபா 50 சதம். பிறகு வந்த ஒப்பந்தங்களுக்கு விலை பல தடவை மாறியது. பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கே விலை வேறு வேறாக இருக்கும். எங்கள் வீட்டு ஒப்பந்தம் தொடங்கினது 2018 பெப்ரவரி. எங்களுக்கு விற்றது 2024 நவம்பர். 22 ரூபாவுக்கு மூன்றே மூன்று மாதம்தான் மிச்சம் இருந்தது. ஒப்பந்தத்தின் திகதியை அவர்கள் கடைசிவரை வாயால் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது 150 யூனிற்றுக்கு 2,325 ரூபா. மகனிடம் போனில் கேட்டேன். "அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன் அக்கா" என்றார்.

அந்தக் காசுகூட முதலில் எங்களுக்கு வரவில்லை. ஒப்பந்தம் பழைய வீட்டுக்காரர் பெயரில், காசு போகிறது அவருடைய வங்கிக் கணக்குக்கு. உறுதி எங்கள் பெயருக்கு மாறினதோடு எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தது எங்கள் பிழை. சோலார் ஒப்பந்தம் தனி. பெயர் மாற்றப் போன இடத்தில் பழையவரின் கையெழுத்தைக் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கையெழுத்துக்காக நான் கனடாவுக்கு எத்தனை மெசேஜ் போட்டிருப்பேன்! அதை உறுதி எழுதுகிற அன்றைக்கே, காசு கைமாற முதலே வாங்கியிருக்க வேண்டும்.

பெனல் தருகிற கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டிதான் இன்வேர்ட்டர். அதன் கதையைச் சொல்ல இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. மார்ச்சில் ஒருநாள் காலையில் பார்த்தால் சிவப்பு லைற். பூட்டின கம்பனியைத் தேடினால் அது மூடியாகிவிட்டது. நுகேகொடையிலிருந்து சோலார் திருத்துகிற ஒரு பாஸைக் கூப்பிட்டோம். பத்து வருட உத்தரவாதக் காட் இருக்கிறது என்று சொல்லி, பிளாஸ்டிக் உறை போட்டுத் தந்த பைலை நான் பெருமையோடு கொண்டுவந்து நீட்டினேன். அவர் காட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்வேர்ட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சட்டை நுனியால் துடைத்தார். தூசிக்குக் கீழே இலக்கம் தெரிந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். காட்டில் கடைசி நாலு இலக்கம் 4471, பெட்டியில் 0926. இரண்டு தரம் பார்த்துவிட்டு, "நோனா, இந்தக் காட் இந்த மெசினுடையது இல்லை" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். முதல் இருந்தது எரிந்துபோக, எங்கேயோ பாவித்த ஒன்றை வாங்கிக் கொழுவிவிட்டு, பழைய காட்டை எங்களுக்குத் தந்திருக்கிறார்கள். ஸ்டிக்கரைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

வீட்டை நாங்கள் பார்த்தது இரண்டு தரம், இரண்டும் காலை பத்து மணிக்கு. தரகர்தான் நேரம் சொன்னார். பின்பக்கம் எட்டு மாடியில் எழும்புகிற கட்டடத்தின் நிழல் பின்னேரம் இரண்டு மணிக்குக் கீழ்வரிசைப் பெனல்களில் விழும். ஒரே வரியில் கோர்த்த பெனல்களில் ஒன்றிரண்டுக்கு நிழல் பட்டாலே முழு வரியிலும் கரண்ட் குறையும் என்று பாஸ் சொல்லித்தான் தெரியும். பெனலுக்குக் கீழே கூரைச் சீற்றில் துளைத்த இடத்தால் மழை ஒழுகினது, கடற்காற்றில் போல்ற் எல்லாம் துருவேறிக் கிடந்தது இன்னொரு செலவு.

"கரண்ட் போனாலும் உங்களுக்குப் பயமில்லை" என்றும் மகன் சொல்லியிருந்தார். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் நின்றதே, அன்றைக்கு நல்ல உச்சி வெயில். எங்கள் வீட்டிலும் பேன் நின்றது. மாமி விசிறியால் வீசிக்கொண்டு, "மேலே இவ்வளவு கண்ணாடி கிடக்கு, ஏன் பிள்ளை காத்து வரேல்லை?" என்று கேட்டா. லைனில் கரண்ட் இல்லாவிட்டால் இந்த வகை இன்வேர்ட்டர் தானாக நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் லைனில் வேலை செய்கிறவருக்கு அடிக்கும். பற்றரி இல்லாமல் சோலார் பூட்டின எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும்.

இனி நாங்களே செய்த பிழை. சோலாருக்கென்று கூடக் கேட்ட 12 இலட்சத்தை உறுதியில் போடவில்லை. "உறுதியில் போட்டால் அதுக்கும் சேர்த்து 4 வீதம் முத்திரை வரி கட்டவேணும், கையில் தாங்கோ" என்றார் மகன். மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கையில் கொடுத்தோம், ரசீதும் வாங்கவில்லை. இப்போது உறுதியில் இருப்பது காணியும் கட்டடமும் மட்டும். பெனல் எத்தனை, இன்வேர்ட்டர் இலக்கம் என்ன, ஒப்பந்தம் எப்போது முடியும் என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. லோயர் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆனால் 12 இலட்சம் கொடுத்ததற்கு அத்தாட்சி எங்கே என்று அவரே எங்களிடம் கேட்கிறார். நீங்கள் கொடுக்கிற ஒவ்வொரு சதத்தையும் செக்கில் கொடுங்கள். சோலார் விபரத்தை நொத்தாரிசுவிடம் சொல்லித் தனி உடன்படிக்கையாகவாவது எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். சோலாருக்கு எடுத்த வங்கிக் கடன் மிச்சம் இருக்கிறதா என்றும் எழுத்தில் கேளுங்கள்.

போன கிழமை என்னோடு படிப்பித்த ரீச்சர் ஒருவர் களுபோவிலையில் வீடு பார்ப்பதாகச் சொன்னா. கூரையில் சோலார். தரகரின் பெயரைக் கேட்டேன், அதே ஆள். காட்டின பில் எந்த மாதம் என்று கேட்டேன். ஏப்ரல் என்றா.