34 வயதில் சுன்னத்: மதுரை கிளினிக் அனுபவம்

முன்தோல் பின்னால் இறங்காது, டாக்டர் பாஷையில் ஃபைமோசிஸ், 34 வயதில்தான் துணிந்து போனேன். மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள், அதில் குறையில்லை. ஆனால் ராத்திரி தானாக விறைக்கும்போது தையல் சுண்டி இழுக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. முதல் வாரம் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன், ஜட்டி உரசினாலே கூசும். ஆறு வாரம் உறவு கூடாது. உணர்ச்சி போய்விடுமோ என்றுதான் பயம். கென்யாவின் கிசுமுவில் 18 முதல் 24 வயது ஆண்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில் சுன்னத் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் உணர்ச்சி கூடியிருப்பதாகவே சொன்னார்கள். எனக்கு? தொட்டால் கூசும் உணர்வு கொஞ்சம் குறைந்தது, வலி அறவே போனது, மனைவியோடு இப்போது நிம்மதி. ஐந்துக்கு நாலு, கட்டு மாற்றத் தனியாகப் பணம் வாங்கியதற்கு ஒன்று கழித்தாச்சு.