சோஷியல், சொசைட்டல்: எதை எங்கே எழுதுவது?

'சமூகம் சார்ந்த' என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'சோஷியல்', 'சொசைட்டல்' என இரு பெயரடைகள் வழங்கினாலும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே வைத்துவிட முடியாது. 'தோழன்' என்னும் பொருளுடைய 'சோசியஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்த 'சோஷியல்', நான்கு பேர் கூடிப் பழகுவதையும் குறிக்கும், ஒரு நாட்டு மக்களிடையே நிலவும் ஏற்றத்தாழ்வையும் குறிக்கும். காலத்தால் பிந்திய 'சொசைட்டல்', சமூகத்தை ஒட்டுமொத்தமாக மட்டுமே சுட்டுவது. கலகலப்பாகப் பழகுபவரை 'சோஷியல்' என்பார்கள். 'சொசைட்டல்' என்று யாரும் சொல்வதில்லை.

விருந்தில் நண்பர்கள் வற்புறுத்தியதால் ஒருவர் மதுக்கோப்பையைக் கையில் எடுத்தால் அது 'சோஷியல் பிரஷர்'. முப்பது வயதாகியும் மணமாகாத பெண்ணை ஊரும் உறவும் கேள்விகளால் துளைப்பதற்கும் அதே தொடர் பொருந்தும் என்றாலும், நெருங்கிய வட்டத்தைத் தாண்டிய நெருக்கடி அது என்று ஐயமறக் காட்ட வேண்டுமானால் 'சொசைட்டல்' உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஹொரைசன் 2020' ஆய்வுத் திட்டம் பருவநிலை, எரிசக்தி, மக்கள்தொகை மூப்பு போன்றவற்றை 'சொசைட்டல் சேலஞ்சஸ்' என்று தொகுத்ததும் பொருத்தமே. 'சோஷியல்' என்றிருந்தால் வறுமை, வேலையின்மை என்று குறுக்கிப் புரிந்துகொள்ள இடமுண்டு.

நிலைபெற்ற தொடர்களிலோ 'சோஷியல்' அசைக்க முடியாதது. கல்லூரி இடங்களைச் சாதி, மத அடிப்படையில் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்த பின், 1951இல் முதல் திருத்தத்தின் வழியே அரசமைப்பில் சேர்ந்த 15(4) பிரிவு, 'சோஷியலி' பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்றே பேசுகிறது. கனமாக ஒலிக்கிறது என்பதற்காக மட்டும் அறிக்கைகளில் 'சொசைட்டல்' எழுதுவது வெறும் பகட்டு என்பது என் கருத்து. ஐயம் எழும் இடம் தவிர மற்றெங்கும் 'சோஷியல்' போதும்.

தமிழாக்கத்தில் சிக்கல் வேறு. இரண்டுக்கும் 'சமூக' என்றே எழுதுகிறோம். ஆனால் 'எங்கள் சமூகத்துப் பையன்' என்னும்போது அச்சொல் சாதியைக் குறிப்பதால், 'சமூக அழுத்தம்' என்பதைச் சாதியின் அழுத்தமாகவும் வாசிக்கலாம். 'சமுதாய' என்று மாற்றினாலும் இது தீராது, ஏனெனில் அதற்கும் அதே வழக்குண்டு. ஆகவே 'சொசைட்டல் பிரஷர்' வருமிடத்தில், 'சமூகம் முழுவதும் தரும் அழுத்தம்' என்று விரித்து எழுதுவதே பாதுகாப்பானது.